ஊரின் ஒளியும் ஊரின் புகையும்



ஒரு நகரின் மின்சார நிலையங்கள் அந்நகர மக்களுக்கே உடைமையாயிருப்பின், அவற்றால் விளையும் நன்மைக்கு மட்டுமன்றித் தீமைக்கும் அவர்களே பொறுப்பாளிகள் அல்லரோ? இவ்வினாவுக்கு விடை காண ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரை நோக்குவோம்.

அந்நகரின் நீர், மின்வலுத் திணைக்களம் தனியார் கம்பனி அன்று. மாநகர ஆட்சியின் ஓர் உறுப்பு. நகர முதல்வர் நியமிக்கும் ஐவர் குழு அதனை மேற்பார்வை செய்கிறது. ஏறத்தாழ 40 இலட்சம் மக்களுக்கு மின்சாரம் வழங்கும் அத்திணைக்களமே, அந்நாட்டில் நகரங்களுக்குச் சொந்தமான மின் நிறுவனங்களுள் மிகப் பெரியது.

தொலைதூர அணைகளிலிருந்தும் பாலைநிலங்களிலிருந்தும் நெடுங்கம்பிகள் வழியே அந்நகருக்கு மின்சாரம் வருகிறது. ஆனால் மலைக்காட்டில் தீ மூண்டால் அக்கம்பிகள் பயன்படாது போதல் கூடும். கோடை மாலையில் வெய்யில் சாய, சூரிய ஒளியாற் பெறும் மின்சாரமும் குறைந்துவிடும். அத்தகைய வேளைகளில் துணைநிற்பவை இயற்கை வாயுவை எரிக்கும் நான்கு நிலையங்கள். ஹெய்ன்ஸ், ஸ்கற்றர்குட், ஹாபர் என்னும் மூன்றும் கரையோரத்தில் உள்ளன. நான்காவது சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் உள்ளது.

இயற்கை வாயு எரியும்போது நிலக்கரியைப் போலச் சாம்பல் எஞ்சுவதில்லை. கந்தகப் புகையும் மிகச் சொற்பம். எனினும் காபனீரொட்சைட்டும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெளிவருகின்றன. பின்னவை வெய்யிலில் மாற்றமுற்று, மூச்சுப்பைகளை வருத்தும் ஓசோனைத் தோற்றுவிக்கின்றன.

இங்கேதான் நீதி பற்றிய வினா எழுகின்றது. ஒளி நகர் முழுவதற்கும் பொது. புகையோ அயலவரை முந்திச் சேர்கிறது. ஹாபர் நிலையம், துறைமுகமும் எண்ணெய் சுத்திகரிப்பாலைகளும் சூழ்ந்த வில்மிங்டன் பகுதியில் அமைந்துள்ளது. ஹெய்ன்ஸ் நிலையமோ லோங் பீச் என்னும் வேறொரு நகரில் நிற்கிறது. அந்நகரத்தார் மின்சாரம் பெறுவது ஒரு தனியார் கம்பனியிடமிருந்து. லொஸ் ஏஞ்சல்ஸ் தேர்தலில் அவர்களுக்கு வாக்கும் இல்லை. உடைமையாளர் ஓரிடத்தில், அயலவர் வேறிடத்தில்!

2019ஆம் ஆண்டில் அப்போதைய முதல்வர் எரிக் கார்செற்றி, கரையோர நிலையங்கள் மூன்றிலும் பழைய வாயு எந்திரங்களைப் புதுப்பிப்பதில்லை என்றும், 2029க்குள் அவை படிப்படியாக நீக்கப்படும் என்றும் அறிவித்தார். 2021இல் நகர சபை, 2035க்குள் முற்றிலும் காபனற்ற மின்சாரம் என்னும் இலக்கை ஏற்றது. ஆயினும் அதே ஆண்டில் வெளியான தேசிய ஆய்வுகூடத்தின் ஆய்வு, நெருக்கடி வேளைக்கு நகருள்ளே எரிபொருள் நிலையங்கள் தேவைப்படும் என்று காட்டியது. ஸ்கற்றர்குட் நிலையத்தில் ஐதரசனை எரிக்கும் திட்டம் அதன்பின் முன்னெடுக்கப்பட்டது. ஐதரசன் எரிகையில் காபன் இல்லை. ஆனால் நைதரசன் ஒட்சைட்டுகள் அப்போதும் உண்டாகும். அயலவரின் அச்சம் முற்றாக நீங்காமைக்கு இதுவே காரணம்.

மருத்துவமனை இருளில் மூழ்கலாகாது என்கிறார் பொறியியலாளர். தம் பிள்ளை மாசற்ற காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்கிறாள் தாய். இருவர் கூற்றும் மெய்யே. தனியார் நிறுவனமாயின் பழியை முதலாளி மீது சுமத்திவிட்டு நாம் ஒதுங்கலாம். பொதுவுடைமையில் அவ்வசதி இல்லை. விளக்கேற்றும் ஒவ்வொருவரும் அப்புகைக்கூண்டின் பங்காளர். ஆதலின் எந்த நிலையத்தை முதலில் மூடுவது என்று தீர்மானிக்கும் சபையில், அதன் நிழலில் வாழ்வோரின் குரலுக்கு முதலிடம் அளித்தலே முறையாகும். வாக்கில்லாத அயலூராரின் குரலும் அதனுள் அடங்கும்.