மருந்து நின்றாலும் பரிசோதனை நிற்க வேண்டாம்



எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே மல்டிபிள் மைலோமா என்னும் புற்றுநோய். இதை வேரறுப்பது அரிது, அடக்கி வைக்கலாம். வேலூர் சி.எம்.சி.யில் 1986-ஆம் ஆண்டு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. 1999-இல் தாலிடோமைடு இந்நோய்க்குப் பலன் தருவது தெரியவந்தது. பின்னர் வந்த மருந்துகளாலும் இன்று பலர் ஆண்டுக்கணக்கில் நலமாக வாழ்கிறார்கள். சிலருக்கு மருந்தே வேண்டாத மாதங்களும் கிடைக்கின்றன.

அந்த மாதங்களில்தான் எங்களுக்குக் கவலை. உடம்பு தெம்பாயிருக்கும், பொள்ளாச்சியில் தோப்பு வேலையும் கோபியில் மஞ்சள் அறுவடையும் அழைக்கும், கோவைக்குப் பஸ் ஏற மனம் வராது. ஆனால் பெரும்பாலும் வலி வருமுன்பே இரத்தத்தில் 'எம்' புரதம் ஏறத் தொடங்கிவிடும். ஆகவே மருத்துவர் சொன்ன தேதியில், பொதுவாக 1 முதல் 3 மாதங்களுக்கு ஒருமுறை, அந்தப் புரதத்தோடு ஹீமோகுளோபின், கால்சியம், கிரியாட்டினின் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

முதுகு வலித்தால், காட்டு வேலையால் வந்தது என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும். புதிய எலும்பு வலி, காய்ச்சல், மிகுந்த சோர்வு, அடங்காத தாகம், கால் மரத்துப்போதல் கண்டால் தேதிக்குக் காத்திராமல் வாருங்கள்.

பழைய ரிப்போர்ட்டுகளை ஒரே பையில் கொண்டு வாருங்கள். ஒரு நாளைய அளவைவிட, அது ஏறுகிறதா என்பதையே நாங்கள் தேடுகிறோம்.