இளைப்பாறியோர் தரும் செல்வம்



முப்பது ஆண்டு கந்தோரிலும் தொழிற்சாலையிலும் உழைத்துப் பெற்ற அறிவு, உத்தியோகம் முடியும் நாளில் மேசைச் சாவியோடு ஒப்படைத்துவிடும் பொருளன்று. ஆயினும், இளைப்பாறியவரை நாம் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கவே அழைக்கின்றோம். "எங்கள் கணக்கேட்டைச் சற்றுப் பாருங்கள்" என்று அழைப்பதில்லை.

கனடா தேசத்தார் வேறுவிதமாக எண்ணினர். 1967ஆம் ஆண்டில் அங்கே சீசோ என்னும் சேவை நிறுவனம் தோன்றிற்று. 2022இல் அது கற்றலிஸ்ற் பிளஸ் எனப் பெயர் மாறிற்று. அனுபவம் முதிர்ந்த நிருவாகிகள் சம்பளம் பெறாது பிறநாடுகளின் சிறு தொழில்களுக்கும் அரசாங்கப் பகுதிகளுக்கும், தம் நாட்டு ஆதிக்குடிகளுக்கும் வழிகாட்டி வந்திருக்கின்றனர். ஜெர்மனியிலும் 1983இல் இத்தகைய சேவையொன்று தொடங்கிற்று. அதன் நிபுணர்கள் சில வாரமோ சில மாதமோ தங்கிக் கற்பித்துத் திரும்புவர்.

இக்குறுகிய தவணையிலேதான் நாம் கற்கவேண்டிய பாடம் இருக்கின்றது. வந்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொள்வதில்லை. ஒரு பேக்கரிக்குச் சென்றால், போறணையின் சூட்டைத் தாமே சீர்செய்வது அவர் கடமையன்று. அங்குள்ளவரின் கையைப் பழக்குவதே கடமை. அவர் போனபின் தொழில் தளருமாயின், அவர் வேலை பார்த்தாரேயன்றிக் கற்பிக்கவில்லை என்பதே பொருள்.

பெரியோர்களே, எம் சங்கம் உங்களிடம் கேட்பது பணமன்று. வாரத்தில் ஒரு மாலைப்பொழுது. அதட்டாது கற்பியுங்கள், கற்பித்தபின் விலகி நில்லுங்கள். இளைஞர்களே, கேட்டுப் பழகுவது இழிவன்று. நாம் கேளாதிருந்தால், அவ்வறிவும் அவர்களோடு சுடலைக்குப் போய்விடும்.