பகல் வெளிச்சத்தை விளக்குக்குள் கொண்டுவர முடியுமா?



பட்டுப்புடவைக் கடையில் நீங்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். அரக்குச் சிவப்பில் ஒரு புடவையை எடுத்து விரிப்பார்கள். வந்தவர்களில் மூத்த அம்மா ஒருவர், "இருங்க, வாசல் வெளிச்சத்துல ஒரு தடவை பார்த்துடறேன்" என்று புடவையோடு எழுந்து போவார். கடை முழுக்கக் கண் கூசும் அளவுக்கு விளக்குகள் எரிந்தாலும் அவருக்குத் திருப்தி வராது. அந்த அம்மா செய்வது முழுக்கச் சரி.

வெள்ளை எல்.இ.டி. பல்புக்குள் இருக்கும் சில்லு தருவது நீல ஒளி மட்டும்தான். அந்த நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கியதற்காகவே அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. சில்லின் மேல் மஞ்சள் நிறப் பாஸ்பர் பூச்சு இருக்கும். நீலத்தில் ஒரு பங்கு அதில் பட்டு மஞ்சளாக மாறும். மிஞ்சிய நீலமும் இந்த மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். சூரிய ஒளியிலோ ஊதா முதல் சிவப்பு வரை எல்லா நிறங்களும் இடைவெளியில்லாமல் இருக்கின்றன. இந்த விளக்கில் 450 நானோமீட்டர் அருகே நீலம் கூர்மையாக எழும்பி நிற்கும். 480-ஐ ஒட்டி ஒரு பள்ளம் விழும். அடர்சிவப்புக்கு வரும்போது ஒளி வற்றிப்போயிருக்கும். விளக்கில் இல்லாத சிவப்பைப் புடவை எப்படித் திருப்பிக் காட்டும்?

பல்புப் பெட்டியில் '6500 கெல்வின், டேலைட்' என்று அச்சிட்டிருப்பார்கள். வெள்ளை எந்தச் சாயலில் இருக்கிறது என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று வேறொரு மதிப்பெண் உண்டு. அதிலும் ஒரு குறை இருக்கிறது. எட்டு வெளிர் நிறங்களை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். ஆர்9 எனப்படும் அடர்சிவப்பு அதில் சேராது. ஆகவே 80 வாங்கிய பல்பு, சிவப்பில் பூஜ்யத்தை ஒட்டி நின்றாலும் நிற்கும்.

விளக்கொளியில் உள்ள இந்தக் குறையைச் சரிசெய்ய, நீலச் சில்லுக்குப் பதிலாக ஊதாச் சில்லை வைத்து, நீலம், பச்சை, சிவப்பு மூன்றுக்கும் பாஸ்பர் பூசுகிறார்கள். நகமுராவும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய சோரா நிறுவனம் இந்த வழியில் போனது. கொரியாவின் சியோல் செமிகண்டக்டர் 2017-இல் 'சன்லைக்' என்று கொண்டுவந்ததும் இதே வழிதான். மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். என்னைக் கேட்டால், அது தகும்.

ஆனால் பகல் என்பது நாள் முழுக்க ஒரே வெள்ளையா? காலையில் மஞ்சள், உச்சியில் வெண்மை, அந்தியில் சிவப்பு. இதைக் காட்ட மஞ்சள் சாயலுள்ள 2700 கெல்வின் சில்லுகளையும் வெண்மையான 6500 கெல்வின் சில்லுகளையும் ஒரே விளக்கில் வைத்துக் கலக்கிறார்கள். இங்கே ஒரு சங்கடம். சூரிய ஒளியின் சாயல் மாறும் பாதை வளைவானது. இரண்டு சில்லுகளைக் கலந்தால் வரும் பாதை நேர்கோடு. அதனால் நடுவில் ஒளி லேசாக ரோஸ் அடிக்கும். இளம்பச்சையில் மூன்றாவது சில்லு ஒன்றைச் சேர்த்தால்தான் அது மறையும்.

இதையெல்லாம் வெறும் அழகுக்காகச் செய்யவில்லை. 2002-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சன் குழுவினர், பார்வைக்கென்று நாம் அறிந்த செல்கள் அல்லாமல், விழித்திரையில் ஒளியை நேரடியாக உணரும் வேறு செல்களும் உண்டு என்று காட்டினார்கள். இது பகல், இது இரவு என்று மூளையின் கடிகாரத்துக்குச் சொல்பவை அவை. அவை அதிகமாக விழித்துக்கொள்வது 480 நானோமீட்டர் அருகே, நம் மலிவு பல்பில் பள்ளம் விழும் அதே இடத்தில். ஒரு நாளில் 16 சூரிய உதயங்களைக் காணும் சர்வதேச விண்வெளி நிலையத்தில், வீரர்களின் தூக்கத்தைக் காப்பதற்காக 2016 முதல் மூன்று நிலைகளில் மாறும் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினார்கள். தூங்கும் நேரம் நெருங்கினால் ஒளி 2700 கெல்வினுக்கு இறங்கிவிடும்.

பகலை விளக்குக்குள் கொண்டுவர இன்னும் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று ஒளியின் அளவு. வெட்டவெளி உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ்; மேகம் மூடிய பகலிலும் பத்தாயிரம் வரும்; அலுவலக மேசையில் கிடைப்பது முந்நூறோ ஐந்நூறோ. இன்னொன்று திசை. வெயில் மிகத் தொலைவிலிருந்து இணைகதிராக வருவதால் நிழல் கூர்மையாக விழுகிறது. அந்த நிழலுக்குள்ளும் வானத்தின் நீலம் கலந்திருக்கிறது. இத்தாலியின் இன்சுப்ரியா பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் பாவ்லோ டி திரபானி இப்படிப்பட்ட ஒளியை உண்டாக்கிக் காட்டினார். எல்.இ.டி. ஒளியை இணைகதிராக்கி, நானோ துகள்கள் கலந்த சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகை வழியாகச் செலுத்தினார். காற்று நீலத்தைச் சிதறடிப்பதுபோலவே அந்தத் துகள்களும் சிதறடித்தன. கோய்லக்ஸ் என்று பெயர் பெற்ற அந்தக் கூரைச் சாளரத்தை அண்ணாந்து பார்த்தால், நீல வானமும் எட்டாத் தொலைவில் ஒரு சூரியனும் தெரியும். விலைதான் சாமானியர் கைக்கு எட்டாது.

ஆலை கட்டுகிறவர்களுக்கும் மருத்துவமனை கட்டுகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: முதலில் ஜன்னல் வையுங்கள். அதற்கு வழியே இல்லாத அறையில் நாளெல்லாம் உழைக்கிறவர்களுக்கு, படுத்திருக்கிறவர்களுக்கு, நல்ல ஒளியை மிச்சம் பிடிக்காமல் கொடுங்கள். வீட்டுக்குப் பல்பு வாங்கும் நேயர்களே, வாட்ஸோடு நிறுத்தாமல் சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் இருக்கிறதா, ஆர்9 எவ்வளவு என்று கடையில் கேளுங்கள். படுக்கையறைக்கு 2700 கெல்வின் போதும்.