வீடில்லாத அண்டை வீட்டார்

நாம் ஊரை விட்டு வந்தவர்கள். பத்மராவ் நகரிலும் மாரேடுபள்ளியிலும் இன்று நிலைபெற்று வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பலவற்றின் முதல் தலைமுறை, ஒரு தகரப்பெட்டியோடு செகந்திராபாத் நிலையத்தில் இறங்கியதேயாகும். அன்று உறவினர் ஒருவரோ ஊர்க்காரர் ஒருவரோ தம் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து இடம் கொடுத்தார். அப்படி ஒருவர் கிடைக்காத மனிதரையே இன்று நம் தெருமுனையில் காண்கிறோம். அவர் மனம் நோகாதபடி அவருக்கு உதவுவது எவ்வாறு என்பதைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். தெருவில் உறங்குவோர் அனைவரும் இரப்போர் அல்லர். காந்தி மருத்துவமனைச் சுவரோரம் இரவில் சென்று பாருங்கள். உள்ளே நோயாளியைச் சேர்த்துவிட்டு, விடுதிக்குக் கொடுக்கப் பணமின்றி வெளியே படுத்திருக்கும் மாவட்டத்து மக்கள் அங்கே உண்டு. காலையில் கூலிக்கு ஆள் பிடிக்கும் நாற்சந்தியில் போய் நிற்பவர்களும், பழைய காகிதம் பொறுக்கி விற்பவர்களும், பிள்ளைகள் கைவிட்ட முதியோரும் உண்டு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில், இந்தியாவில் வீடற்றோர் என்று எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 17 இலட்சத்து 70 ஆயிரம் பேர். இவர்களை ஒரே சொல்லால் பிச்சைக்காரர் என்று அழைப்பதே நாம் இழைக்கும் முதல் அவமதிப்பு.

இந்நகரம் ஒருமுறை இதைச் செய்தது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் உலகத் தொழில்முனைவோர் மாநாடு இங்கே கூடிற்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மகள் வந்தார். அதற்கு முன்பே, நவம்பர் 8 முதல் இரண்டு மாதங்களுக்குப் பொது இடங்களில் இரத்தலைத் தடைசெய்து காவல்துறை ஆணை பிறப்பித்தது. பிடிக்கப்பட்டவர்கள் சஞ்சல்குடா, சர்லபள்ளிச் சிறை வளாகங்களில் இருந்த இல்லங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இரப்பவரைக் காட்டிக்கொடுத்தால் 500 ரூபாய் பரிசு என்று சிறைத்துறையும் அறிவித்தது. அவ்வில்லங்களில் உணவும் மருத்துவமும் இருந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், ‘ஐயா, உமக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டுச் செய்த செயலா அது? வீதி துப்புரவாயிற்று, வீதியில் இருந்தவருக்கு வீடு கிடைத்ததா? 2018-இல் தில்லி உயர்நீதிமன்றம், தலைநகரில் இரத்தலைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. இரத்தலைத் தடுக்குமாறு கோரிய ஒரு மனுவை 2021-இல் விசாரித்த உச்சநீதிமன்றமும், வறுமையால் கையேந்துவோரை மேட்டுக்குடிப் பார்வையில் நோக்கவியலாது என்று கூறிற்று.

இதே நகரில் மற்றொரு காட்சியும் உண்டு. பழைய நகரத்துத் தபீர்புரா மேம்பாலத்தின் அடியில், 2012 முதல் அசார் மக்சூசி என்பவர் பசித்தோர்க்கு நண்பகலில் சோறும் பருப்பும் அளித்து வருகிறார். அவர் செல்வராய்ப் பிறந்தவர் அல்லர்; நான்கு வயதில் தந்தையை இழந்து, பசியை அறிந்து வளர்ந்தவர். அங்கே விருந்தினரை வரிசையாய் அமர்த்தித் தட்டில் பரிமாறுகிறார்கள். எந்த மதம், எந்த ஊர் என்ற கேள்வி இல்லை. காரின் கண்ணாடியைச் சிறிதே இறக்கிப் பொட்டலத்தை நீட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை நாம் சொல்லி விளக்க வேண்டுவதில்லை. வள்ளுவர் இரத்தலுக்கு ஓர் அதிகாரமும், இரத்தலுக்கு அஞ்சுவதற்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார் அன்றோ? கேட்பவர் படும் நாணத்தை அவர் அத்துணை பெரிதாக எண்ணினார்.

ஆகவே பேச்சிலிருந்து தொடங்குவோம். தெலுங்கிலும் உருதுவிலும் நமக்கு நாப்பழக்கம் குறைவு. அதனால் பணிப்பெண்ணிடமும் வண்டிக்காரரிடமும் ஒருமையிலேயே பேசிப் பழகிவிட்டோம். அது வேண்டாம். முதியவளைக் கண்டால் ‘பெத்தம்மா, தின்னாரா?’ என்று கேட்கலாம். உருது பேசுபவரிடம் ‘ஆப்’ என்னும் சொல் போதும். நின்றபடி குனிந்து பேசாமல், முடிந்தால் அவர் அருகே அமர்ந்து பேசுவது நன்று. பெயரைக் கேட்டு, நம் பெயரையும் சொல்லலாம். உறங்குபவரை எழுப்பி அறம் செய்ய வேண்டாம். புகைப்படம் எடுப்பதோ, அதனை நண்பர்களுக்கு அனுப்பி மகிழ்வதோ கூடவே கூடாது. கந்தகிரிக் கோயில் விழாவில் எஞ்சிய சாதத்தைக் கொடுப்பதாயின், அது எஞ்சிக் கெடுவதற்கு முன்னர், நாமே உண்ணக்கூடிய நிலையில் கொடுக்க வேண்டும். பணம் கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். கொடுக்கலாம் என்பதே எம் கருத்து. கொடுத்தபின் கணக்குக் கேட்கலாகாது.

நகரங்களில் ஓர் இலட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடமேனும் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்சநீதிமன்றம் பணித்தது. ஐதராபாத் மாநகராட்சிக்கும் இரவுத் தங்குமிடங்கள் உண்டு. எங்கே இருக்கிறது, இடம் இருக்கிறதா என்பதை முன்னரே விசாரித்து, அவர் சம்மதித்தால் உடன் சென்று விட்டுவரலாம். அவர் மறுத்தால் சினம் வேண்டாம். கணவனும் மனைவியும் பிரிந்து படுக்க நேரும். தள்ளுவண்டியை வெளியே விட்டுச்செல்ல இயலாது. மறுப்புக்கு இத்தகைய காரணங்கள் பல. உடல்நலம் குன்றியவருக்கு 108; கைவிடப்பட்ட முதியோருக்கு 14567; குழந்தைக்கு 1098.

தமக்குள் பேசிக்கொண்டு அலைபவரைக் கண்டால் நாம் அஞ்சி ஒதுங்குகிறோம். சென்னையில் அவ்வாறு அலைந்த ஒரு பெண்ணைக் கண்டு ஒதுங்காத வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம்பெண்கள் 1993-இல் ‘தி பான்யன்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அங்கே மருத்துவம் பெற்று, ஊர் திரும்பிய பெண்கள் பலர். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி, இத்தகையவரைப் பாதுகாத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச்செல்வது காவல்நிலையத்தின் கடமை. அவரைச் சிறையில் அடைக்கலாகாது. எர்ரகட்டாவில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. இச்சட்டத்தை எடுத்துச்சொல்ல நம்மில் ஒருவர் காவல்நிலையம் வரை உடன் செல்வது பெரிய உதவி.

மார்கழிக் குளிரில் கம்பளி கொடுப்போர் பலர் உளர். ஆயின் பகலில் அக்கம்பளியை அவர் எங்கே வைப்பார்? துப்புரவு வண்டி அதையும், அதனுள் சுருட்டிவைத்த ஆதார் அட்டையையும் சேர்த்து அள்ளிச்செல்லக்கூடும். நம் அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டடியில் அந்த ஒரு மூட்டைக்கு இடம் இருக்கிறது. காவலாளியிடம் சொல்லிவைத்தால், காலையில் வைத்துவிட்டு மாலையில் எடுத்துக்கொள்வார்.