எச்சத்திலிருந்து எழும் ஆய்வு



கிள்ளான் பள்ளத்தாக்கில் வேதியியல் பட்டம் பெறும் நம் பிள்ளைகளுள் சிலர் ஆய்வகங்களில் பகுப்பாய்வாளராகச் சேர்கின்றனர். குடிநீரில் ஈயம் எவ்வளவு, செம்பனை எண்ணெயில் ஈரம் எவ்வளவு என அளந்து கூறுவது அவர்தம் பணி. ஆங்கே வினாவும் வழிமுறையும் முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். முனைவர் பட்ட ஆய்விலோ வினாவையே கண்டெடுத்தல் வேண்டும். அன்றாட அளவீட்டிலிருந்து அத்தகைய வினா பிறக்குமா? பிறந்ததற்கு ஒரு சான்று காண்போம்.

1923ஆம் ஆண்டு கொல்கத்தாவில் சி. வி. இராமனின் மாணவர் கே. ஆர். இராமநாதன், நீர்மங்கள் சிதறச் செய்யும் ஒளியில் மங்கலான வேறொரு நிற ஒளியும் கலந்திருக்கக் கண்டார். மாசினால் எழும் ஒளிர்வென்றே அது கருதப்பட்டது. நீர்மத்தை வெற்றிடத்தில் மெல்ல வடித்துப் பன்முறை தூய்மை செய்தும் அவ்வொளி மறையவில்லை.

அலிப்பூர் அரசுச் சோதனைக்கூடத்தில் எஸ். வெங்கடேஸ்வரன் என்னும் வேதியியலாளர் பணியாற்றினார். ஓய்வு நேரத்தில் இராமனிடம் ஆய்வு செய்துவந்த அவர், மிகத் தூய கிளிசரின் வழக்கமான நீலத்துக்கு மாறாகப் பச்சை ஒளியைச் சிதறச் செய்வதைக் கண்டார். கதிரொளி வேண்டிய அச்சோதனையைப் பணியிலிருந்த அவரால் பகலில் தொடர இயலவில்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் முன்னர் வேதியியல் செய்முறை விளக்குநராக இருந்த கே. எஸ். கிருஷ்ணன் அதனை ஏற்றார். ஏறத்தாழ 60 நீர்மங்களை ஆராய்ந்ததாக இராமனும் கிருஷ்ணனும் 1928இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். எஞ்சிய ஒளி மாசினுடையதன்று; மூலக்கூறுகளின் இயல்பே என்பது தெளிந்தது. அதுவே இராமன் விளைவு. 1930இல் இராமன் நோபல் பரிசு பெற்றார். இன்று பகுப்பாய்வகங்களில் பொருள்களை இனங்காண உதவும் இராமன் நிறமாலைமானி அவ்விளைவின்வழி வந்தது.

மொழியியலாராகிய நமக்கு இங்கே ‘எச்சம்’ என்னும் சொல் நினைவுக்கு வருகிறது. இலக்கணத்தில் எச்சம் பிழையாகாது. ‘வந்த’ என்பது பெயரையும் ‘வந்து’ என்பது வினையையும் வேண்டி நிற்கும். அளவீட்டில் எஞ்சுவதும் அத்தகையதே. கலம் தூயதா, கருவி சரிபார்க்கப்பட்டதா, வெற்று மாதிரி என்ன காட்டுகிறது என்று முதலில் ஆராய்க. அனைத்தும் செம்மையாக இருந்தும் விலகல் தொடருமாயின், நாளும் மாதிரியும் குறித்து ஏட்டில் எழுதி வைக்க. பேராசிரியரை நாடிச் செல்லும் நாளில் அவ்வேடே ஆய்வு முன்மொழிவுக்கு வித்தாகும்.

வெங்கடேஸ்வரனுக்குக் கிட்டாத பகற்பொழுது, பணிபுரியும் இளையோர் பலருக்கு இன்றும் எளிதில் கிட்டுவதில்லை. அவர்களுக்குப் பகுதிநேர ஆய்வு வாய்ப்பும் பணியிடத்தாரின் இசைவும் இன்றியமையாதன. பெற்றோரும் இதனை உணர்தல் வேண்டும். நிலையான ஊதியம் இருக்க மேற்படிப்பு எதற்கு என்று தடுத்தல் தகாது.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரின் செய்முறை விடை பாடநூலோடு ஒவ்வாதபோது, அதனை உடனே அடித்துவிடாதீர்கள். ‘ஏன் இவ்வாறு வந்தது?’ என்று தமிழிலேயே கேளுங்கள். தாய்மொழியில் அவ்வினாவுக்கு விடை தேடிப் பழகிய பிள்ளை, பின்னர் மலாயிலும் ஆங்கிலத்திலும் அதனைத் தயங்காது எழுப்பும்.