தெர்மோபிலேயில் மடிந்த எழுநூறு பேர்

கி.மு. 480-இல் பாரசீக மன்னன் செர்க்ஸஸின் பெரும்படையைக் கிரேக்கத்தின் தெர்மோபிலே கணவாயில் மறித்து மடிந்தவர்கள் யார் என்று கேட்டால், ஸ்பார்ட்டா அரசன் லியோனிடாஸும் அவனுடைய 300 வீரர்களும் என்றுதான் பதில் வரும். அன்று கடைசிவரை நின்றவர்களில் தெஸ்பியா என்ற சிற்றூரின் 700 பேரும் உண்டு. இழந்ததை வைத்து எடைபோட்டால், முதல் மரியாதை அவர்களுக்கே என்பேன்.

ஒருபுறம் மலை, மறுபுறம் கடல். அந்த இடுக்கில் பாரசீகரின் எண்ணிக்கை இரண்டு நாள் பலிக்கவில்லை. பிறகு எபியால்டஸ் என்ற உள்ளூர்க்காரன் மலைப்பாதையைக் காட்டிக்கொடுத்தான். பின்புறம் வளைக்கப்படுவது தெரிந்ததும் லியோனிடாஸ் பெரும்பாலான படைகளைத் திருப்பியனுப்பினான். தெஸ்பியர்கள் மட்டும் போக மறுத்தார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். ஸ்பார்ட்டாவில் அப்போது சுமார் 8,000 போர்வீரர்கள் இருந்ததாக அவர் நூலே சொல்கிறது. 300 என்பது அதில் நூற்றுக்கு நாலுகூட இல்லை. தெஸ்பியாவின் கதை வேறு. மறு ஆண்டு பாரசீகருக்கு எதிரான பிளாட்டேயா போருக்கு அவ்வூரார் 1,800 பேர் வந்தார்கள்; ஒருவரிடமும் கனத்த கவசமில்லை. கவசம் வாங்க வசதியிருந்த தலைமுறை கணவாயிலேயே முடிந்துபோனது என்றுதான் இதற்குப் பொருள்கொள்ள முடிகிறது.

பாரசீகப் படை போகும் வழியில் ஊர் இருந்ததால் அவர்களுக்கு வேறு வழியில்லை என்று சிலர் வாதிடலாம். அதே வழியில்தான் அண்டை நகரமான தீப்ஸும் இருந்தது. அது பணிந்தது, பிழைத்தது. பணியாத தெஸ்பியாவைத் தீப்ஸ்காரர்களே காட்டிக்கொடுக்க, செர்க்ஸஸ் எரித்தான். ஊர்மக்கள் அதற்குள் பெலொப்பொனீஸுக்குத் தப்பியிருந்தார்கள். அந்த 700 பேரும் அவர்களோடு போயிருக்கலாம்; லியோனிடாஸே விடைகொடுத்திருந்தானே!

லியோனிடாஸ் இல்லாமல் இவர்கள் நின்றிருப்பார்களா என்றும் கேட்கலாம். நின்றிருக்க மாட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். தலைமை ஸ்பார்ட்டாவுடையது. ஆனால் தலைமைக்குரிய புகழ் வேறு, உயிரிழப்புக்குரிய புகழ் வேறு. இரண்டையும் ஒன்றாக்கியது ஸ்பார்ட்டா தன் வீரர்களை நினைவுகூர்ந்த விதம். 300 பேரின் பெயரையும் கேட்டறிந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்; ஸ்பார்ட்டாவில் அவை கல்லில் பொறிக்கப்பட்டிருந்ததைப் பல நூற்றாண்டு கழித்துக் கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் குறிப்பிடுகிறார். தெஸ்பியர்களிலோ தளபதி டெமோபிலஸும் டித்திராம்பஸ் என்ற வீரனும்தான் ஹெரோடோட்டஸின் ஏட்டில் பெயரோடு நிற்கிறார்கள். நம் காலத்திலும் இதே கணக்குதான்: கணவாயில் லியோனிடாஸுக்கு 1955-இல் நினைவுச்சின்னம் எழும்பியது, தெஸ்பியர்களுக்கு 1997-இல்.