பச்சைப் பிள்ளைக்குப் பரீட்சையா?



இன்று நான் பேச வேண்டிய விஷயம், சிறு பிள்ளைகளைப் பள்ளிக்கூடச் சேர்க்கைப் பரீட்சைக்குத் தயார் செய்வது எப்படி என்பதாகும். இது சின்ன சங்கதியாகத் தோன்றலாம். ஆனால் தேறாத பிள்ளையை நாம் "மக்கு" என்கிறோம். "அதன் தலையெழுத்து" என்கிறோம். பத்து வயதில் சூட்டிய அந்தப் பெயரை அது ஆயுள் முழுவதும் சுமக்கின்றது. ஆகையால் இந்தப் பரீட்சை எதை அளக்கின்றது என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

பிரான்சு தேசத்து ஆல்பிரெட் பினே என்பவர் 1905ஆம் வருஷத்தில், சிமோன் என்பவரோடு சேர்ந்து, புத்தியை அளக்க ஒரு பரீட்சையை ஏற்படுத்தினார். எதற்காக? எந்தப் பிள்ளைக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்று கண்டறிந்து உதவுவதற்காக. புத்தி பிறவியிலேயே முடிந்துபோன சங்கதி என்று சொன்னவர்களை அவரே கண்டித்து எழுதினார். வைத்தியன் நாடி பார்ப்பது மருந்து கொடுப்பதற்கே யொழிய, நோயாளியை வாசலோடு துரத்துவதற்கல்லவே!

ஆனால் இங்கிலாந்தில் நடந்ததென்ன? 1944ஆம் வருஷத்துக் கல்விச் சட்டத்திற்குப் பின், 11 வயதையொட்டி ஒரு பரீட்சை வைத்து, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளையைக் கிராமர் பள்ளிக்கு அனுப்பி, மற்றவர்களில் பெரும்பாலோரை வேறு பள்ளிக்குத் தள்ளினார்கள். புத்தி பெரும்பாலும் பிறவியில் வருவதென்ற சிரில் பர்ட் என்னும் மனோதத்துவ நிபுணரின் கொள்கை இதற்குப் பக்கபலமாயிருந்தது. அவர் 1971இல் காலமான பின், அவர் காட்டிய இரட்டைப் பிள்ளைகளின் கணக்கே மோசடி என்று 1976இல் பத்திரிகையில் குற்றம் சாட்டப்பட்டது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். பெண் பிள்ளைகள் அதிக மார்க்கு வாங்கியதால், பல வட்டாரங்களில் ஆண் பிள்ளைகளுக்குத் தேர்ச்சி மார்க்கைக் குறைத்து வைத்தார்கள்! ஒரு வட்டாரத்தில் கிராமர் பள்ளி இடம் அதிகம், மற்றொன்றில் குறைவு. அதாவது, ஒரே பிள்ளை ஆற்றுக்கு இக்கரையில் புத்திசாலி, அக்கரையில் மக்கு! அளந்தது பிள்ளையின் புத்தியையா, பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளையா? 1965க்குப் பின் பெரும்பாலான வட்டாரங்கள் இதைக் கைவிட்டன. கென்ட் போன்ற சில இடங்களில் இன்றும் இருக்கின்றது.

பிறவியில் அறிவு என்ற பேச்சு நமக்குப் புதிதா? பிறப்பைச் சொல்லி நம் பாட்டன்மாருக்குப் பள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அந்தப் பூட்டை உடைத்த நாம், நம் பிள்ளைக்கு நாமே புதுப் பூட்டுப் போடலாமா?

நிற்க, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளையையோ பெற்றோரையோ பரீட்சித்துப் பொறுக்கிச் சேர்க்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவைக்கு ரூ.25,000 வரை, பின் ஒவ்வொரு தடவைக்கும் ரூ.50,000 வரை அபராதம். ஆகையால், எழுத்தறியாத தாயை உட்கார வைத்து இங்கிலீஷில் கேள்வி கேட்டால், "எந்தச் சட்டப்படி?" என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். சைனிக் பள்ளி போன்ற சிலவற்றில் மாத்திரம் 6ஆம் வகுப்புக்குப் பரீட்சை உண்டு.

அப்படிப்பட்ட பரீட்சைக்குப் பிள்ளையை எப்படித் தயார் செய்வது? பேனாவுக்குப் பூஜை போட்டு, கையில் கயிறு கட்டியா? இடம் நூறு, பூஜை போட்டவர்கள் ஆயிரம் பேர் என்றால், தொள்ளாயிரம் பேருடைய பூஜை எங்கே போயிற்று? கயிற்றுக்குக் கொடுக்கும் காசில் ஒரு கதைப் புத்தகம் வாங்குங்கள். பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் அதட்டாமல் பதில் சொல்லுங்கள், தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள். புளியங்கொட்டையை வைத்துக் கூட்டல் கழித்தல் பழக்குங்கள். கடைக் கணக்கைப் பிள்ளையிடமே விடுங்கள். பழைய கேள்வித்தாள்களைக் கடிகாரம் வைத்துச் சில தடவை எழுதச் சொல்லுங்கள். கேள்வியின் மாதிரி பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். கண்ணும் காதும் சரியாயிருக்கின்றனவா என்று டாக்டரிடம் காட்டுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையை மக்கு என்று அடித்தவர்கள் எத்தனை பேர்! இரவில் விழிக்க வைக்காமல் தூங்க விடுங்கள். ஆணுக்குச் செய்வதையெல்லாம் பெண்ணுக்கும் செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பரீட்சைக்கு முந்தின நாளே, "இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீ எங்கள் பிள்ளைதான், உன் படிப்பு நிற்காது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தோழர்களே! நல்ல பள்ளிக்கூடம் நாலே நாலு இருப்பதால்தான் பச்சைப் பிள்ளைகள் முட்டி மோதுகின்றன. நம் தெருப் பள்ளிக்கூடத்தையும் நல்ல பள்ளிக்கூடமாக்கிவிட்டால் பொறுக்கி எடுப்பதற்கு வேலையே இல்லை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எத்தனை உபாத்தியாயர் இருக்கின்றார், எத்தனை பேர் வேண்டும் என்று நாளைக்கே போய்க் கேளுங்கள் என்று சொல்லி, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.